காதைத் தொட்டால் வசனம் வரும்

எங்கள் நாடக மன்றத்தில் நல்ல திரை கிடையாது, ஆடாத நாற்காலி கிடையாது, ஆனால் ஒரு பழக்கம் உண்டு. மேடையில் நிற்கிறவருக்கு வசனம் மறந்துபோனால் இடது காதைத் தொட வேண்டும். பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலியில் பிரதியோடு உட்கார்ந்திருக்கும் நான் அடுத்த வரியை மெதுவாக எடுத்துக்கொடுப்பேன். அவர் அதை வாங்கிப் பேசிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

நான் தலைவி ஆன புதிதில் வக்கீலுக்காகச் செய்த ஏற்பாடு அது. நிஜ வக்கீல் இல்லை. ஐந்து வருடச் சட்டப் படிப்பு படிக்கிறவன், எனக்கு ஒரு வருடம் முன்னால் இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. டீக்கடையில் நின்றுகொண்டு எதைப் பற்றி வேண்டுமானாலும் மணிக்கணக்கில் பேசுவான். ஆனால் எழுதிக் கொடுத்த நாலு வரி அவன் மண்டையில் தங்காது. நல்ல உயரம், கணீரென்ற குரல், மேடையில் வந்து நின்றாலே கூட்டம் அடங்கிவிடும். அதனால் எப்போதும் கதாநாயகன் அவன்தான். தலையெழுத்து என்று காதைத் தொடச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒருத்தனுக்குச் சலுகை கிடைத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த நாடகத்தில் அவன் மனைவியாக நடித்தவளும் காதைத் தொட்டாள். அதற்கடுத்ததில் தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், போலீஸ்காரர், பிணத்தைத் தவிர எல்லோரும் தொட்டார்கள். மாணவர் பத்திரிகையில் விமர்சனம் எழுதிய ஒரு புண்ணியவான், 'இம்மன்றத்தின் நாடகங்களில் பாத்திரங்கள் திரும்பத் திரும்ப இடது காதைத் தொடுவது, கேட்க ஆளில்லாத குரல்களின் குறியீடு' என்று எழுதிவிட்டார். அதை வெட்டி எங்கள் அறைக் கதவில் ஒட்டினோம். ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு மட்டும் சிரித்தால் தொண்டை வலித்தது. எல்லோருடைய வசனத்தையும் கிசுகிசுப்பது என்ன சும்மாவா?

தொண்டை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. நாடகம் எழுதுவது நான். அரங்கத்துக்கு அனுமதி வாங்க அலுவலகத்தில் கால் கடுக்க நிற்பது நான். நீதிபதியின் கறுப்பு அங்கிக்கு இஸ்திரி போடுவதுகூட நான்தான், ஏனென்றால் முன்பு ஒருமுறை வேறு யாரோ போட்டு அங்கியின் கையைப் பொசுக்கி வைத்துவிட்டார்கள். யாராவது ஒரு வேலையை அரைகுறையாகச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். "விடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிவிடுவேன். அவர்களும் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிடுவார்கள். இதற்கு நடுவே நான் கட்டடப் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன் என்பது எனக்கே சில சமயம் பரீட்சைக்கு முதல் நாள்தான் ஞாபகம் வரும்.

அலுத்துவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்? காலையில் கண் விழிக்கும்போதே யாரோ என் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஆனாலும் அந்த அறையை விட்டுவிட மனம் வரவில்லை. அரங்கத்துக்குப் பின்னால் ஒரு காலத்தில் தண்ணீர் மோட்டார் வைத்திருந்த அறை அது. சுவரில் ஈரம் ஏறி வண்ணம் செதில் செதிலாக உதிரும். ஒரு மூலையில் அட்டை மரங்கள், இன்னொரு மூலையில் பழைய ஒப்பனைப் பெட்டிகள், நடுவில் எங்கள் பெருமைக்குரிய நீதிபதி மேசை. அந்த மேசைக்கு ஒரு கால் நொண்டி. இடது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலால் அணைத்துத் தள்ளினால்தான் வாசல் தாண்டும். இந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் வருடத்தில், ஊர் புதிது, ஆட்கள் புதிது, விடுதியில் அழுதுகொண்டிருந்த காலத்தில், இந்த அறைக்குள் வந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. அதை மறக்க முடியுமா?

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. மாணவர் அலுவலகத்திலிருந்து வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். கடைசி வருடத்தவர்கள் பொறுப்பிலிருந்து இறங்க வேண்டும். பருவம் முடிவதற்குள் புதிய தலைவரின் பெயரைக் கொடுக்காவிட்டால் மன்றம் கலைக்கப்படும், அறை டேபிள் டென்னிஸ்காரர்களுக்குப் போகும். குறியீட்டு விமர்சனத்தின் பாதி அந்த நோட்டீஸுக்கு அடியில் மறைந்துபோயிற்று.

கூட்டம் போட்டேன்.

"சரி, யார் எடுத்துக்கறீங்க?"

மின்விசிறி சுற்றியது. வக்கீல் அண்ணாந்து அதையே பார்த்தான், ஏதோ இன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரி.

"நீ ஏன்டா மேல பாக்குற? நீயும்தான் இந்த வருஷத்தோட போற. நான் கேக்கறது மத்தவங்கள."

"எனக்கு ரெண்டு பேப்பர் அரியர் இருக்குக்கா" என்றான் லைட் போடுகிறவன். அரியரைப் பற்றி அவன் கவலைப்பட்டது அன்றைக்குத்தான்.

"எங்க வீட்ல விட மாட்டாங்கக்கா."

"எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராதுக்கா." இதைச் சொன்னவள் எங்கள் கதாநாயகி.

குண்டூசியைப் பார்த்தேன். இரண்டாம் வருடம், கணிதம். உடைகள் அவள் பொறுப்பு, சின்னச் சின்ன வேடங்களும் போடுவாள். எப்போதும் உதட்டில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். ஆளும் அதே பருமன்தான். வாயில் ஊசி இருந்தால் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்கு வசதி. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப இந்த ரூமுக்குள்ள டேபிள் டென்னிஸ் மேசையப் போட்டுருவாங்க. பரவால்லயா?"

"அய்யோ, அது கூடாதுக்கா!" என்றார்கள் ஒரே குரலில். அதில் மட்டும் ஒற்றுமைக்குக் குறைச்சல் இல்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று மனசுக்குள் திட்டினேன். இவர்களுக்காக எத்தனை நாள் சோறு தண்ணி இல்லாமல் அலைந்திருக்கிறேன்! ஒருத்தர், ஒரே ஒருத்தர், சரி என்று சொன்னால் நான் கையை வீசிக்கொண்டு போய்விடுவேனே. எங்கள் மன்றத்துக்கு ஆலோசகர் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியை இருந்தார். வருடத்துக்கு மூன்று முறை கண்ணில் படுவார். அவரிடம் போய் நின்றேன்.

"நாடகம் முடியட்டும்மா. அன்னிக்கு நானே வரேன், பேரைக் குடுத்துடு. குடுக்கலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

இரவு அம்மாவிடம் போனில் புலம்பினேன். அம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். லீவு எடுத்தால் வார்டு இடிந்து விழுந்துவிடும் என்று நம்புகிறவள். அப்பா சாவதற்கு முன்னால்கூட, "உங்கம்மா என்னைப் பாத்துக்கறத விட அந்த வார்ட நல்லா பாத்துக்கறா" என்று கிண்டல் செய்வார்.

"யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்கம்மா."

"எப்படிடி எடுத்துக்குவாங்க? இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே கெடையாது. எங்க வார்டுல புதுசா வந்த நர்ஸுங்களப் பாக்கணுமே. ஒண்ணையும் நம்பி விட முடியல. எல்லாத்தையும் நானே பாக்க வேண்டியிருக்கு" என்றாள். அதைக் கேட்க அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த வருடத்து நாடகம் நான் எழுதியதிலேயே பெரியது. ஒரு பாலம் இடிந்துவிடுகிறது. அதைக் கட்டிய பொறியாளர் மேல் வழக்கு. நீதிமன்றத்தில் ஆளாளுக்குத் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். கடைசியில் பொறியாளர் எழுந்து தன்னந்தனியாக எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்கிறார். இரண்டு பக்கப் பேச்சு. 'மண்ணைப் பார்த்தவன் நான். கம்பியை எண்ணியவன் நான்' என்று ஆரம்பித்து, 'வேறு யாரையும் கேட்காதீர்கள். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது' என்று முடியும். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

பொறியாளர் யார்? வக்கீல்தான். ஒத்திகையில் அவன் வரிக்கு வரி காதைத் தொட்டான். நான் வரிக்கு வரி எடுத்துக்கொடுத்தேன். சுற்றி நீதிபதியும் கொத்தனாரும் சாட்சிகளும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பேச்சு எங்கள் அட்டை மரங்களுக்குக்கூட மனப்பாடம் ஆகியிருக்கும். வக்கீலுக்கு மட்டும் ஆகவில்லை.

"காது தேஞ்சு போகப் போகுதுடா" என்றேன்.

"நீ இருக்கறப்ப எனக்கு என்ன கவலை?" என்றான். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

நாடகம் மத்தியானக் காட்சி. அதற்கு முந்தைய சில நாட்கள் என் திட்ட அறிக்கையைக் கொடுத்தாக வேண்டிய நாட்கள். அறிக்கையை முடித்துவிட்டு, கிழிந்த பக்கத் திரையைத் தைத்துவிட்டு, அங்கிக்கு இஸ்திரி போட்டுவிட்டு, நேராக அரங்கத்துக்கு வந்தேன். கண்ணுக்குள் மணல் போட்டதுபோல எரிந்தது. அம்மா அதிசயமாக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். முன் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பேராசிரியை. இந்த நாடகம் சொதப்பினால் மன்றத்துக்கு ஆள் கிடைக்காதது மட்டும் இல்லை, ஆள் தேட ஒரு காரணமே இருக்காது.

மணி அடித்தது. திரை விலகியது. முதல் காட்சி ஒழுங்காகப் போயிற்று. அதாவது, நான் பாதி நாடகத்தைக் கிசுகிசுத்தேன். இரண்டாவது காட்சியில் கொத்தனாருடைய நீண்ட சாட்சியம். அவர் ஒருத்தர்தான் எங்கள் மன்றத்தில் வசனத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வருகிறவர். சரி, இவர் பேசி முடிக்கும்வரை கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று நினைத்தேன். முக்காலிக்குப் பின்னால் சுவர் வாகாக இருந்தது. விளக்குச் சூடு இதமாக இருந்தது.

கண்ணை மூடியது ஞாபகம் இருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டே சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

வக்கீல் கூண்டில் ஏறினான். முதல் கேள்விக்கே காதைத் தொட்டான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை தொட்டான். பிறகு காதைப் பிடித்து இழுத்தான். அதற்கும் வரவில்லை என்றதும், ஒருவேளை எனக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றானாம். அரங்கமே சிரித்துவிட்டது. பாலம் இடிந்து பத்துப் பேர் செத்த கதை. கதாநாயகன் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அவனைக் காப்பாற்றலாம் என்று குறுக்கு விசாரணை செய்கிறவன் காதைத் தொட்டான். அவனுக்கும் வரவில்லை. நீதிபதி தொட்டார், சாட்சிகள் இரண்டு பேர் தொட்டார்கள். மேடையில் ஐந்து பேர் காதைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குண்டூசி அந்த நாடகத்தில் நீதிமன்றச் சேவகி. பெயர் கூப்பிடுவது மட்டும்தான் வேலை. அவள் மேடையிலிருந்து நழுவி என்னிடம் வந்தாள். நான் பிரதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி தூங்குவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேடைக்குத் திரும்பிப் போய், உரக்க, "அய்யா காதுல என்ன பிரச்சன? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கய்யா, கோர்ட்டு சாயங்காலம் மூடணும்!" என்றாள்.

அது பிரதியில் இல்லை. சேவகிக்கு அப்படி ஒரு வசனமே இல்லை.

வக்கீலுக்கு அது போதும். சொந்தச் சரக்கு வந்துவிட்டது. நான் எழுதிய கண்ணியமான, குறைவாகப் பேசுகிற பொறியாளர் போய், டீக்கடையில் நின்று பேசுகிற ஒரு ஆள் கூண்டுக்குள் வந்தான். மற்றவர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு காட்சி மொத்தமாகக் காணாமல் போயிற்று. முதல் காட்சியிலேயே இறந்துபோன ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வந்தார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்படியே கடைசிப் பேச்சு வந்தது. அதற்கு மட்டும் சொந்தச் சரக்கு செல்லாது. அது இல்லாமல் கதை முடியாது. வக்கீல் எழுந்தான். "மண்ணைப் பார்த்தவன் நான்" என்றான். அதற்குமேல் ஒரு எழுத்து வரவில்லை. கை காதை நோக்கிப் போய், பாதியில் இறங்கியது. அப்படியே நின்றான். அவன் வாழ்க்கையிலேயே வாயடைத்து நின்றது அன்றைக்குத்தான்.

"கம்பியை எண்ணியவன் நான்" என்றார் கொத்தனார், தன் இடத்திலிருந்து எழுந்து.

"மழைக்கு முன்னால் முடிக்கச் சொன்னவள் நான்." இது பொறியாளரின் மனைவி.

நீதிபதியே எழுந்து, "கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். அப்போது அரங்கத்தின் கடைசியில், இருட்டிலிருந்து, லைட் போடுகிறவன் கத்தினான்: "விரிசலைப் பார்த்தும் பூசச் சொன்னவன் நான்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் ஒத்திகையில் காதில் விழுந்ததை, ஞாபகம் இருந்தவரை, வரிசை இல்லாமல் ஆளுக்கொரு வரியாகச் சொல்லி முடித்தார்கள். திரை விழுந்தது.

கைதட்டலில்தான் நான் விழித்தேன். முதலில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவில் யாரோ ஒரு சால்வையை மடித்து வைத்திருந்தார்கள். பிரதி நெஞ்சோடு ஒட்டியிருந்தது, இரண்டாவது காட்சியிலேயே திறந்திருந்தது. மேடையில் அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார்கள். முடிந்துவிட்டது என்று புரிந்தபோது எனக்குப் பகீர் என்றது. அதற்கு அடுத்து வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்.

அறைக்குள் போனதும் வெடித்தேன்.

"ஏன் என்னை எழுப்பல? குண்டூசி, நீ பாத்தியாமே? பாத்துட்டு அப்படியே போயிருக்க?"

உதட்டில் ஊசி இல்லை. அவள் முகம் அப்படி வெறுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"எழுப்பலாம்னுதான்க்கா வந்தேன்."

"அப்புறம்?"

"எழுப்பினா நாங்க மறுபடியும் காதத் தொட்டுக்கிட்டு உங்களையே பாத்துக்கிட்டு நிப்போம். அதான் விட்டுட்டேன். நீங்க வேற ரொம்ப அசந்து தூங்கிட்டிருந்தீங்க."

"பிரதியாவது எடுத்துப் படிச்சிருக்கலாமே!"

"கட்டிப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்கக்கா. உருவிப் பாத்தேன். தூக்கத்துலயும் விடல."

வக்கீல் சிரித்தான். நான் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினான்.

"செத்தவன் எப்படிடா திரும்பி வந்தான்? மூணு மாசமா எழுதின கதை. சிரிப்பா சிரிச்சிருக்காங்க. கடைசி வரி, அதான் மொத்த நாடகமே, அது எங்க? 'வேறு யாருக்கும் எதுவும் தெரியாது'. அதை ஏன் ஒருத்தரும் சொல்லல?"

கொத்தனார்தான் மெதுவாக, "ஞாபகம் இருந்துச்சுக்கா. அத்தனை பேரு எந்திரிச்சு நின்னதுக்கு அப்புறம் அதச் சொல்ல முடியல" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை உள்ளே வந்தார், பின்னாலேயே அம்மா. பேராசிரியையின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதுவரை நான் பார்த்ததில்லை.

"பிரமாதம்மா! சிரிக்க வச்சு சிரிக்க வச்சு, கடைசில எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்ச பாரு. ஹாலுக்குள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சே, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு. எப்படிம்மா உனக்கு இதெல்லாம் தோணுது? இந்த மன்றமே உன் மூளைதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டியிருந்தால் அந்தப் பெயரையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். எத்தனையோ வேலைகளைக் கொடுத்த மாதிரி. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நாலு வருடமாக இப்படி ஒரு வார்த்தைக்குத்தானே நாய் மாதிரி அலைந்தேன்?

"நான் தூங்கிட்டேன் மேடம்" என்றேன்.

"என்னம்மா?"

"ரெண்டாவது சீன்லயே தூங்கிட்டேன். நான் எழுதினது வேற. நீங்க பாத்தது இவங்க பண்ணது."

பேராசிரியை என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, அது எப்படியோ போகட்டும். பேரு?" என்றார்.

மறுபடியும் அந்த மின்விசிறி. நான் யாரையும் பார்க்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை. மூடினால் மூடட்டும், டேபிள் டென்னிஸ் ஆடட்டும் என்று நொண்டி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் எடுத்துக்கறேன்" என்றாள் குண்டூசி.

நான் நிமிர்ந்தேன். "அன்னிக்குக் கேட்டப்ப தலைய ஆட்டின?"

"அன்னிக்கு நீங்க பண்ற மாதிரி பண்ணணும்னு நெனச்சேன்க்கா. அது என்னால ஆகாது. இங்க யாராலயும் ஆகாது. உங்களப் பாத்தாலே எங்களுக்குப் பயமா இருக்கும். இப்படித் தூங்காம, சாப்பிடாம, சிரிக்காம..." சேவகித் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "நாங்க பண்ற மாதிரி பண்ணலாம்னா நான் எடுத்துக்கறேன். இன்னிக்குப் பண்ண மாதிரி. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"நீங்க ஒத்திகைக்கு வரக் கூடாது. நாடகத்துக்கு வாங்க. முன் வரிசைல உக்காருங்க. இந்த ரூமுக்கு மட்டும் வராதீங்க."

"ஏய்" என்று வக்கீல் அவளை அதட்டினான். அவள் சொன்னதை மாற்றவில்லை.

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. என் அறைக்கு என்னை வராதே என்கிறாள். ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான். கன்னாபின்னாவென்று கத்தலாம் என்று வாயெடுத்தேன். கத்துவதற்குக்கூட உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அந்த நேரத்திலும் எங்கிருந்தாவது தெம்பு வந்திருக்கும்.

கழுத்தில் தொங்கிய சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தேன்.

"மேசையத் தூக்கறப்ப" என்று ஆரம்பித்தேன். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஒண்ணுமில்ல. நீங்களே பாத்துக்கங்க" என்றேன்.

வெளியே வந்து பத்தடி போவதற்குள் உள்ளே தடால் என்று ஒரு சத்தம். மேசைதான். வாசலில் இடித்திருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து "இந்தப் பக்கம்டா!", "உன் பக்கம் தூக்கு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் போகாமல் நடந்தேன். சும்மா நடப்பது அவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பேருந்து நிறுத்தத்தில் அம்மாவோடு உட்கார்ந்தேன். அவள் போனில் வார்டோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஜன்னலோரப் பெட்டுக்கு டிரிப் மாத்துனீங்களா? மாத்திட்டீங்களா? யார் சொன்னா? ஓ... நீங்களாவே மாத்திட்டீங்களா... சரி, சரி." போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"நாடகம் எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா சிரிச்சேன்டி. கடைசில அழுதுட்டேன். அந்தக் காதப் புடிக்கற பையன் ரொம்ப நல்லா பண்றான்" என்றாள். பிறகு என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "உன் மூஞ்சியப் பாக்கவே சகிக்கல. போகட்டும், இனிமே நிம்மதி. சாவியும் குடுத்தாச்சு, பரீட்சையும் முடியப் போகுது. அடுத்து என்ன பண்ணலாம்னு இருக்க?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மற்றவர்களுக்கு அடுத்து என்ன என்பது எனக்கு எப்போதும் தெரியும். எனக்கு என்ன என்று யோசித்துப் பார்த்ததே இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அறியாமல் என் கை மேலே போய் இடது காதைத் தொட்டது.

"என்னடி, காது வலிக்குதா?" என்று அம்மா பதறி, என் தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிக் காதுக்குள் பார்த்தாள்.